புனித யோசேப்பு நாளில் வந்து கதவைத் தட்டு

ஓட்ரான்டோ அருகே,
மார்ச் 1910

என் அருமை வினிஃப்ரெட்,

அலெக்சாந்திரியாவில் நீயும் உன் வாத்தியார் புருஷனும் குட்டிப் பெண்ணும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொள்கிறேன். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? அதையெல்லாம் விசாரித்து நாலு பக்கம் எழுத எனக்கும் ஆசைதான். நேரமில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்துப் போய்விட்டார்கள். இது சமையல்காரியிடம் கேட்டு வாங்கிய பென்சில் துண்டு.

எனக்குப் பயமாக இருக்கிறது, வினி. அல்பேனிய மலையில் கொள்ளைக்காரர்கள் நம்மைப் பிடித்து வைத்திருந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. அவர்கள் கத்தினார்கள், கத்தியைக் காட்டினார்கள், என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார்கள். இங்கே ஒருவரும் குரலைக்கூட உயர்த்துவதில்லை. எல்லோரும் என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசுகிறார்கள். அந்த அன்புதான் என்னைப் பயமுறுத்துகிறது.

என் கல்யாணத்துக்கு முந்தின நாள் நீ என்னைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னது நினைவிருக்கிறதா? “இந்த ஆளு உன்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கமாட்டேங்கிறாரேடி. நீ என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிறாரு. அது நல்லதா கெட்டதான்னு எனக்குப் புரியல” என்றாய். பொறாமையில் பேசுகிறாய் என்று நான் கேலி செய்தேன். கல்யாணமான பிறகும் ஒத்தாவியோ கேள்வி கேட்பதில்லை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டார். அப்பா எனக்கு விட்டுப்போன சொத்தை அவர் பொறுப்பில் மாற்றிக் கையெழுத்துப் போட வேண்டும். சதுப்பு நிலத்தை வாங்கி, நீரை வடித்து, கோதுமை போடப் போகிறாராம். எங்கள் ஊர் டொலீடோவில் அடுப்பு செய்து விற்றே ஊர் பெரியவரான என் அப்பா, உயில் எழுதும்போது வக்கீலிடம் என்ன சொன்னார் என்று உனக்குத்தான் தெரியுமே. “என் பொண்ணோட அடுப்புல எவனும் சும்மா வந்து குளிர்காயக் கூடாது.” அதை நினைத்து, முடியாது என்றேன். ஒத்தாவியோ என் கையில் முத்தமிட்டு, “சரி லவீனியா, உன் இஷ்டப்படியே ஆகட்டும்” என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த வாரம் விருந்துக்குப் பேராசிரியர் ஸ்கிரோ வந்தார். தன் பழைய நண்பர், பயணக் கதை என்றால் அவருக்கு உயிர் என்று ஒத்தாவியோ அறிமுகம் செய்தார். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. நான் அளக்க ஆரம்பித்தால் மேஜைக்கு அடியில் நீ என் காலை உதைப்பாய். உதைக்க ஆளில்லாத மேஜையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கொட்டினேன். ஒட்டகக் கூட்டத்தோடு பாலைவனத்தில் குளிர்காலம் முழுக்கக் கிடந்தது, ஜாவாக் கடலில் கப்பல் கவிழ்ந்தது, தெஸ்ஸலியில் பெண்களை ஏற்றாத பாறை உச்சி மடத்துக்குக் கரிக்கட்டையால் மீசை வரைந்துகொண்டு, கால்சட்டை போட்டுக் கூடையில் ஏறிப் போனது, எல்லாம். பேராசிரியர் தாடியைத் தடவியபடி ரசித்துக் கேட்டார். மறுவாரமும் வந்து, அதே கதைகளை மறுபடி சொல்லச் சொன்னார். ஒரு மனிதர் இப்படி ஆசையாகக் கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். முதல் விருந்தில் மூன்று பேராக இருந்த கொள்ளைக்காரர்கள் அடுத்த விருந்தில் ஏழு பேராகிவிட்டார்கள். பிறகு ஒரு சிறுத்தை வேறு வந்து சேர்ந்துகொண்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னவள் நுன்சியாத்தா, எனக்குத் தலைவாரிவிடும் பெண். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அம்மா, அவரு கதை கேக்க வரலம்மா. மனநோய் பாக்குற டாக்டரு அவரு. எங்க மாமன் பொண்டாட்டிய அடைச்சுப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தது அவருதான். அவ ஒண்ணும் பெருசா பண்ணிடல. கிணத்தடில நின்னு சத்தமா பாடுவா, அம்புட்டுத்தான். இன்னும் வெளிய வரல.”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த முறை அவர் வந்தபோது காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “பதறாதீங்க அம்மணி. ஒட்டகத்துல போனேன், மீசை வெச்சுக்கிட்டு மடத்துக்குள்ள போனேன்னு நீங்க நம்புறீங்க. நம்புறது ஒண்ணும் குத்தமில்ல” என்றார். நான் நம்பவில்லை ஐயா, போனேன் என்றேன். “ஆமா, ஆமா, போனீங்க” என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். ஒத்தாவியோ என் தோளை மெல்லத் தட்டிக் கொடுத்தார். என் புகைப்படங்களைக் கொண்டுவரச் சொன்னேன். அந்தப் பெட்டி நேப்பிள்ஸில் இருக்கிறதாம். முந்தின நாள்வரை மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டி, வினி.

என்னிடம் பணம் இருப்பதை மட்டும் அவர்கள் சந்தேகப்படவே இல்லை. என் கால்களைத்தான் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நான் சொன்னதெல்லாம் கற்பனை என்றால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. எல்லாம் நிஜம் என்றால், ஆண்வேடம் போட்டு ஆண்களோடு மலையில் தங்கியவள் என்று குடும்பத்துக்கே தலைகுனிவு. ஊருக்கு அவமானமாக நடக்கிறவளையும் அடைத்து வைக்க இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அடைத்துவிட்டால் என் சொத்துக்குக் காவலர் யார்? வேறு யார், கணவர்தான்.

பேனா கையில் இருந்த நாளிலேயே நம் நாட்டுத் தூதருக்கு எழுதிப் பார்த்தேன். அந்நியனைக் கட்டிக்கொண்ட பெண் அவன் நாட்டவளாகிவிடுகிறாள், இனி நான் அவர்கள் குடிமகள் இல்லை என்று பதில் வந்தது. வருத்தம்கூடத் தெரிவித்திருந்தார். காலைச் சாப்பாட்டின்போது ஒத்தாவியோ அந்தப் பதிலைப் பிரித்து, எனக்கு வாசித்துக் காட்டி, தேன் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். ஆகவே எனக்குப் பதில் எழுதாதே. நீ எழுதினால் அதையும் தேனோடுதான் கேட்பேன்.

வேறு யாராவது என்னைத் தேட மாட்டார்களா என்று நீ கேட்பாய். யார் தேடுவார்கள்? காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தவளை ஒருவரும் தேடுவதில்லை. டொலீடோவில் ஹெப்சிபா அத்தையைக் கேட்டால், “அவளா? இப்ப ஜப்பான்ல எங்கயாச்சும் இருப்பா” என்று சொல்லிவிட்டுப் பின்னலைத் தொடர்வாள். பாரிஸில் இருப்பவர்கள் நான் எகிப்தில் என்பார்கள். எகிப்தில் இருப்பவள் நீதான், நான் தேன்நிலவில் மயங்கிக் கிடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். எந்த ஊரிலும் நான் இல்லாதது யாருக்கும் வித்தியாசமாகப் படாது. இத்தனை ஊர் சுற்றி நான் சம்பாதித்தது இதுதான்.

மாடி அறையில் என்னைப் பூட்டி வைத்த பிறகு, போன வாரம் ஓர் ஆங்கிலேய அம்மாள், படம் வரைகிறவள், என்னைப் பார்க்க வந்தாள். வாசல்காரன் அவளிடம், “சீமாட்டி நேப்பிள்ஸ் போயிருக்காங்க” என்றது என் காதில் விழுந்தது. ஜன்னலைத் திறந்து, நான் இங்கேதான் இருக்கிறேன், என்னை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். முற்றத்தில் ஒத்தாவியோ நின்றிருந்தார். விரலால் தன் நெற்றியை மட்டும் தொட்டுக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டார். அவள் முகத்தில் அப்படி ஓர் இரக்கம். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு நான் கத்தியதையும் பேராசிரியரிடம் சொல்லியாயிற்று.

ஆனால் வினி, இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது வேறொன்று. இதை எழுதவே மனம் கூசுகிறது. நேற்று மதியம் கண்ணை மூடி, அந்தப் பாறை மடத்தை நினைத்துப் பார்த்தேன். கயிறு முறுகும் சத்தம் நினைவு வந்தது. கூடை சுவரில் இடித்தது நினைவு வந்தது. கீழே நின்று நீ கத்தினாய். “நீ செத்துத் தொலைஞ்சா உங்கப்பாவுக்கு நான் என்னடி பதில் சொல்றது!” விருந்துகளில் இதைச் சொல்லி எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்! நேற்றுத்தான் உறைத்தது. நாம் தெஸ்ஸலிக்குப் போனபோது அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்படியானால் நீ அதைச் சொல்லியிருக்கவே முடியாது. நான் சேர்த்ததுதான். ஆனால் உன் குரல் எனக்குக் காதில் கேட்கிறதே! அதைச் சேர்த்தது நான் என்றால், கயிற்றைச் சேர்த்தது யார்? கூடையை? நான் உண்மையிலேயே மேலே போனேனா, அல்லது மேலே போய்வந்த எவனோ சொன்னதைக் கேட்டு என் கதையாக்கிக்கொண்டேனா? பதினோரு வருஷம் என்னோடு நடந்தவள் நீ ஒருத்திதான். எனக்கே தெரியாததை உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பேராசிரியர் இரக்கத்தோடு என்னைப் பார்க்கும்போது, சில நேரம், இவர் சொல்வதுதான் சரியோ என்று ஒரு நொடி தோன்றிவிடுகிறது. அந்த ஒரு நொடி நாளுக்கு நாள் நீள்கிறது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி புனித யோசேப்பு திருநாள். அன்று இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் நீளமான மேஜை போட்டு, கொண்டைக்கடலையும் மீனும் சக்கரம்போன்ற பெரிய ரொட்டிகளும் பரப்பி, ஏழைகளை உட்கார வைத்து வீட்டுக்காரர்கள் பரிமாறுவார்கள். அன்று வாசலில் வந்து நிற்கிற யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் அந்த வீடு விளங்காது என்று இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஒத்தாவியோவுக்குத் தெய்வ பயம் இருக்கிறதோ இல்லையோ, ஊர் பயம் உண்டு. சீமாட்டி தன் கையால் ரொட்டி எடுத்துக் கொடுக்காவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்காது. அதனால் அன்று என்னைக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும்.

பேராசிரியரும் வருகிறார், இன்னொரு மருத்துவரோடு. எனக்குப் பைத்தியம் என்று எழுதி அடைக்க இரண்டு மருத்துவர்கள் கையெழுத்து வேண்டுமாம். நான் ஊர் முன்னால் கத்தினால், அழுதால், ஓடினால், அவர்கள் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆகவே நான் வாயே திறக்க மாட்டேன். நானா என்று சிரிக்காதே. ரொட்டி கொடுத்துக்கொண்டு சும்மா நிற்பேன். பேச வேண்டியவள் நீ. பிரிந்திசியில் கப்பலைவிட்டு இறங்கி, ரயிலில் மாலியேவரை வந்து, வண்டி பிடித்தால் மதியத்துக்குள் வந்துவிடலாம். வாசலில் நின்று தட்டு. பெயரும் வேலையும் கேட்டால் பசிக்கிறது என்று மட்டும் சொல். உள்ளே வந்ததும், அத்தனை பேர் காதிலும் விழும்படி, நான் யார், எங்கெல்லாம் போனேன், உன்னோடு என்னவெல்லாம் பார்த்தேன் என்று சொல். உன் வாத்தியாரையும் அழைத்து வா. ஆண்பிள்ளை ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் இந்த ஊர் காதுகொடுக்கும்.

நுன்சியாத்தாவின் கொழுந்தன் அலெக்சாந்திரியாவுக்குப் போகிற கப்பலில் கரி அள்ளிப் போடுகிறான். அவன் மூலமாக இது உனக்கு வர வேண்டும். வருமா என்று எனக்குத் தெரியாது. அவளிடம், உனக்குப் பயமில்லையா என்று கேட்டேன். “இருக்கும்மா. ஆனா எனக்குப் படிக்கத் தெரியாது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு அடிச்சுக் கேட்டாலும் சொல்லத் தெரியாது” என்றாள். அவளை நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்ய? ஜன்னலுக்கு வெளியே ஒத்தாவியோவின் குரல் கேட்கிறது, தோட்டக்காரனிடம் எலுமிச்சை மரத்துக்கு நீர் பாய்ச்சச் சொல்கிறார். முடிக்கிறேன்.

உன் செல்ல மகளுக்கு என் முத்தம். அவள் ஊர் சுற்றட்டும், தடுக்காதே, ஆனால் யாராவது ஒருத்தி கூடவே போகட்டும். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. நீ வந்து என் முகத்தைப் பார்க்கும்போது, அவர்கள் சொல்வது சரிதான் என்று உனக்கே தோன்றலாம். தோன்றினால் எனக்குச் சொல்லாதே. கையைப் பிடித்து வண்டியில் ஏற்று. நான் பைத்தியமாகவே இருந்தாலும், வினி, என்னை இங்கே விட்டுவிட்டுப் போகாதே.

உன் காலடிச் சத்தத்துக்குக் காத்திருக்கும்,
லவீனியா