நுரையீரலில் ஒரு புள்ளி

என்னோட பேசாம இருக்கிற பொண்டாட்டிக்கு,

உன்னை எழுப்ப மனசு வரலை. உன் தம்பியைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன். வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க. அதான் நீ மூடி வெச்ச சாப்பாட்டைத் தொடலை, கோவிச்சுக்கிட்டு இல்லை.

ஏணியிலிருந்து விழுந்து விலாவுக்கு ஸ்கேன் எடுத்தப்போதான் நுரையீரல்ல அந்தப் புள்ளி தெரிஞ்சுது. நீ பயப்படுவேன்னுதான் உடனே சொல்லலை; அதை மறைச்சதுக்குத்தான் உனக்குக் கோபம்னு தெரியும்.

"சாதாரணக் குழாய் அவ்வளவு ஆழம் போகாது. ரோபோ மெல்லிசான குழாயை வாய் வழியா அங்கேயே கொண்டுபோகும். கத்தி வைக்காம துளி சதை எடுத்து, புற்றான்னு பார்த்துடலாம்"னு டாக்டரம்மா சொன்னாங்க.

கேஸ் சிலிண்டர் வந்தா வாங்கி வை. வீட்டுச் சாவி ஜன்னல் ஓரம் இருக்கு.

பி.கு: கோபம் தீரலைன்னா கோபத்தோடயே வா. மயக்கம் தெளியும்போது நீ திட்டுற சத்தம் கேக்கணும்.