பின் சீட்டில் இருந்தவன்

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தேவகிருபையால் சுகம். நீயும் மருமகளும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே, "அடுப்புல ஏதோ இருக்கும்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். உங்கள் வீட்டு அடுப்பு அணைவதே இல்லை போலிருக்கிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மனம் வராதே என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவின் தொண்டை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன் அல்லவா? அது உண்மைதான். கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள், இனி பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆனால் கட்டியோடு அப்பாவின் குரலும் போய்விட்டது. திரும்ப வராதாம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். இத்தனை வருஷம் நான் சொன்னதை அவர் கேட்டாரா, இப்போது அவர் சொல்வதை நான் கேட்பதற்கு? பஸ் ஓட்டிய காலத்தில் ஹார்னே தேவைப்படாத தொண்டை அது. இப்போது டீ வேண்டுமென்றால் மேஜையைத் தட்டுகிறார். ஆள் பிழைத்தாரே, எனக்கு அதுவே போதும். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

உன் கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு நடந்ததை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் இருக்க, ஆராதனையில் ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லும் சாட்சி வேளையில் அப்பா எழுந்து தன் வழக்கமான கதையைச் சொன்னார். ஒன்றாம் வகுப்பில் நீ பள்ளி விட்டு வீடு வராமல் போனது, அவர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டே, ஜெபித்துக்கொண்டே, ரோட்டின் இரண்டு பக்கமும் உன்னைத் தேடியது, கடைசியில் டிப்போவில் பார்த்தால் அதே பஸ்ஸின் பின் சீட்டுக்கு அடியில் நீ தூங்கிக்கொண்டிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். டிராயரை நனைத்திருந்தாய் என்பதையும் சேர்த்துச் சொன்னார். சபையே சிரித்தது, உன் மாமனார் உட்பட. "என் மானத்த வாங்கித்தான் கர்த்தரை மகிமைப்படுத்தணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனவன் நீ, அதன்பிறகு அப்பாவோடு பேசவேயில்லை. உன் கோபம் தப்பென்று நான் சொல்லமாட்டேன்.

போன ஞாயிறு, ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக ஆராதனைக்குப் போனோம். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம் என்று போதகர் அழைத்ததும், பழக்கதோஷத்தில் இவர் எழுந்துவிட்டார். வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து தையல்கார அக்கா, "அன்னைக்கு மத்தியானம் நல்ல மழைங்க" என்று ஆரம்பித்தாள். அப்பா எழுந்தாலே கடிகாரத்தைப் பார்க்கிறவள் அவள்தான்! உடனே ஓய்வு பெற்ற தபால்காரர், "மழைக்கு முன்னாடி, வைப்பர் வேலை செய்யலன்னு ஒண்ணு வரும், அத விட்டுட்டியே" என்று திருத்தினார். அப்புறம் ஆளுக்கு ஒரு வரி. இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு அப்பாவின் கதை எல்லாருக்கும் மனப்பாடம். அப்பா நின்றபடியே தலையாட்டினார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிராயர் கட்டம் வந்தது. தபால்காரர் சிரித்துக்கொண்டே வாயைத் திறக்க, அப்பா பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி சட்டென்று கையைத் தூக்கினார். வேண்டாம் என்று தலையை அசைத்தார். தபால்காரர் அதைத் தாண்டிப் போய்க் கடைசி வரிக்கு வந்தார். "நான் தேடினவன் என் பின்னாலயே இருந்தான், ஆண்டவர் அவனையும் என்னையும் ஒரே வண்டியில வச்சிருந்தார்" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். அப்பாவின் உதடும் அசைந்தது.

வீட்டுக்கு வந்ததும் சிலேட்டில், "அன்னைக்கு நம்ம மகன் கேட்டது சரிதான்" என்று எழுதி, நான் படித்ததும் அழித்துவிட்டார். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று எழுதவில்லை. அதனால் சொல்கிறேன்.

மகனே, ஒருமுறை அப்பாவைக் கூப்பிடு. அவர் ஹலோ சொல்வார் என்று காத்திருக்காதே. போனைக் காதில் வைத்துக்கொண்டு விரலால் தட்டுவார், கேட்கிறார் என்று அர்த்தம். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் அந்தக் கதையையே சொல். சீட்டுக்கு அடியில் நீ ஏன் ஒளிந்தாய், கண் விழித்தபோது முதலில் யாரைப் பார்த்தாய் என்று இன்றுவரை யாரும் உன்னைக் கேட்டதில்லை. அந்தப் பாதிக் கதை அப்பாவுக்குத் தெரியாது. அதை உன் வாயால் அவர் கேட்கட்டும்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக்கொள்வாராக. அடுப்பை அணைத்துவிட்டுக் கூப்பிடு.

உனக்காக ஜெபிக்கும்,
அம்மா