ஐஸ் உருகிவிட்டது என்று எழுதினாய்

பக்கத்து வீட்டுப் பெண் இன்று நகச்சாயம் அழித்துக்கொண்டிருந்தாள். அந்த நெடி அடையாறு வீட்டு ஜன்னல் வழியே வந்ததும் என் நினைவில் நீ வந்து நின்றாய். தரமணி ஆய்வகத்தில் நாம் இருவரும் நாள் முழுக்கச் சுவாசித்த அதே வாடை.

புரோஸ்டாகிளாண்டின். ஹார்மோன் போல வேலை செய்யும் பொருள், கருப்பையைச் சுருங்க வைப்பது. கர்ப்பத்தின் முதல் வாரங்களில் கருப்பையின் உட்படலம் அதை அடக்கியே வைத்திருக்கும். கர்ப்பம் கலைந்த பெண்கள் சம்மதித்துக் கொடுத்த படலத் துணுக்குகளை அரைத்து அதை அளப்பதுதான் நம் வேலை. மயிலாப்பூர் மருத்துவமனையிலிருந்து பறக்கும் ரயிலில் நீதான் அவற்றை ஐஸ் பெட்டியில் கொண்டு வருவாய். சூடு பட்டால் அளவு பொய்யாகிவிடும் என்று நான் நச்சரித்தால் சிரிப்பாய். "இன்னாடி, பட்டினப்பாக்கத்து மீன்காரி பொண்ணுக்கே ஐஸ் போடக் கத்துத் தர்றியா?" உன் அம்மா கூடையில் அடுக்குவதுபோலக் கீழே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு. ஒருநாளும் உருகியதில்லை.

பிறகு எனக்கே கலைந்தது, பத்தாவது வாரத்தில். மாமியார் பப்பாளியைக் குற்றம் சொன்னார். நான் புரோஸ்டாகிளாண்டினைப் பிடித்துக்கொண்டேன். என் துணுக்கையும் உன்னிடமே கொடுக்கச் சொல்லி, "அளந்து சொல்லுடி, என் உடம்புதான் தப்பு பண்ணுச்சான்னு எனக்குத் தெரியணும்" என்றேன்.

"எவ்ளோன்னு தெரியும். ஏன்னு தெரியாதுடி" என்றாய். நான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் பதிவேட்டில், "ஐஸ் உருகிவிட்டது, மாதிரி கெட்டது" என்று எழுதியிருந்தாய். எல்லோர் முன்னாலும் கத்தினேன்: "மீன் கூடைக்குத்தான்டி நீ லாயக்கு!" நீ பதிவேட்டை மூடி வைத்தாய். அதன்பின் நான் உன்னோடு பேசவே இல்லை. வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டேன்.

போன மாதம் உன்னை உன் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் குழியில் இறக்கினார்கள். கூட்டம் கலைந்ததும் உன் அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். "உன் புள்ளையும் இங்கதான் கீது கண்ணு. இத்தப் போயி மெஷின்ல அரைக்க மனசு வரலம்மான்னு டப்பாவக் கட்டிக்கினு எம்பொண்ணு அழுதுச்சி. நாந்தான் குழி தோண்டுனேன்."

அது பிள்ளையல்ல, வெறும் படலம் என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து, கலைந்த அன்று வராத அழுகையை எல்லாம் அழுது தீர்த்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் உன் கல்லறைக்கு வருகிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறேன். கேட்டுவிட்டுத் திரும்பும்போதும் அன்று கத்திய அந்தச் சொல் என்னோடுதான் வீட்டுக்கு வருகிறது.