நன்னடத்தைப் பத்திரமும் ஒரு சால்மன் மீனும்

மேயோ,
1958 அக்டோபர் 12

அன்புள்ள மகன் கோல்மனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை நோராவும் கறவை மாடும் நலம். டப்ளினில் நீயும் நலம் என்று எழுதியிருந்தாய், அதில் எவ்வளவு உண்மையோ, நலமில்லாவிட்டாலும் நீ அப்படித்தான் எழுதுவாய். உருளைக்கிழங்கு தோண்டி முடித்துவிட்டோம். முழங்கால் வலி தேவலை என்கிறாள் அம்மா, அதையும் நான் முழுசாக நம்பவில்லை.

போன கடிதத்தை மூன்று முறை படித்தேன். வக்கீலாவதற்குப் பரீட்சை தேற வேண்டும், சரி. ஐரிஷ் மொழி தெரிந்திருக்க வேண்டும், அதுவும் சரி, நீ முதலில் பேசியதே அதுதான். ஆனால் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்து இத்தனை தடவை ராச்சாப்பாடு சாப்பிட்டால்தான் வக்கீலாக விடுவார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதை எப்படியப்பா நம்புவது. கடையில் விசாரித்தேன். “தின்னே பாஸாகலாம்னா எங்க வீட்டுப் பன்னி இந்நேரம் ஜட்ஜாயிருக்குமே, ஆஸ்டின்” என்று கடைக்கார மைக்கி சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், ஆனால் வீடு வந்து சேரும்வரை அதே யோசனைதான். பெண் யாராவது இருக்கிறாளோ, அவள் வீட்டு விருந்தைத்தான் மண்டபச் சாப்பாடு என்று கதை விடுகிறாயோ, இல்லை பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு மறைக்கிறாயோ என்றெல்லாம் நினைத்தேன். அம்மா கேட்டுவிட்டு, நீங்க உங்க நிழலையே நம்பமாட்டீங்க என்றாள்.

அப்புறம் செவ்வாய்க்கிழமை தபால்கார டாமி வந்து, பங்குத்தந்தை ஹெகார்ட்டிக்கு டப்ளினிலிருந்து முத்திரை வைத்த கடிதம் வந்திருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொல்வதாகச் சொன்னான். எத்தனை பேரிடம் இப்படி ‘உன்னிடம் மட்டும்’ என்று சொன்னானோ. உன் விஷயமாகத்தான் இருக்கும் என்று நேரே ஃபாதரிடம் போனேன். அவர் முதலில் மழுப்பினார். நான் நகரவில்லை. உன் விண்ணப்பத்துக்கு நன்னடத்தைப் பத்திரம் கேட்டு நீ அவருக்கு எழுதியதும், வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று அடியில் கோடு போட்டதும் அப்போதுதான் வெளியே வந்தது. முத்திரைக் கடிதத்தோடு வக்கீல் சங்கத்தார் உன் விண்ணப்பத்தையும் வைத்திருந்தார்கள், கோர்ட்டில் எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா என்று அதில் ஒரு கேள்வியாம். நீ மறைத்திருப்பாய் என்றுதான் நினைத்தேன், அந்தச் சந்தேகத்தோடுதான் வாசித்துக் காட்டச் சொன்னேன். ‘ஆம், பதினெட்டு வயதில், சால்மன் மீன் திருடியதற்காக’ என்று உன் கையெழுத்திலேயே இருந்தது. இப்படிப்பட்டவனை எடுப்பதா என்று அவர்கள் ஃபாதரைக் கேட்டிருக்கிறார்கள்.

கோல்மன், அன்று ராத்திரி, ஊரார் மீன் பிடிக்கக் கூடாத அந்த ஆற்றங்கரையில் ஆற்றுக் காவலர் பேட்சி லாவெல் விளக்கைத் தூக்கிப் பிடித்தபோது கொக்கிக்கம்பு என் கையில்தான் இருந்தது. அவர் இறங்கி வருவதற்குள் நீ அதைப் பிடுங்கிக்கொண்டு, “நான்தான் பிடிச்சேன், அப்பா என்னைத் தேடிக்கிட்டு இப்பத்தான் வந்தார்” என்றாய். நான் பிடிபட்டிருந்தால் எனக்கு அது இரண்டாவது தடவை, ஜெயிலுக்குள்ளே போயிருப்பேன், சர்க்கார் சாலை வேலையும் போயிருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுகிறேன் என்கிறாள் உன் அம்மா. திருடன் என் வீட்டிலேயே இருந்தான், அதனால்தானோ என்னவோ.

எல்லாவற்றையும் ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். அவர் காகிதமும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தார். “இதை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடணும், ஆஸ்டின்” என்றார். எழுதிவிட்டேன். பேட்சியிடமும் சொன்னேன். எனக்கு அன்னிக்கே தெரியும், பையன் கை காய்ஞ்சிருந்துச்சு என்றார் அவர்.

இத்துடன் அந்தக் காகிதம் இருக்கிறது, அவர்களிடம் கொடுத்துவிடு. மேலங்கிப் பொத்தானைப் போட்டுக்கொள், மண்டபச் சாப்பாடு நிஜம்தான் என்றார் ஃபாதர், அங்கே நன்றாகச் சாப்பிடு. ஆண்டவரும் மாதாவும் உன்னைக் காப்பாற்றட்டும். ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும், என்னைக் காப்பாற்றுகிறேன் என்று காகிதத்தைக் கிழித்துப் போட நினைக்காதே. உன் மேல் எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை. அதனால் இதே போல இன்னொன்று எழுதி, டப்ளினுக்கு நேற்றே ஃபாதர் கையால் அனுப்பியாகிவிட்டது.

இப்படிக்கு,
அந்த மீனைப் பிடித்தவன்,
உன் அப்பா
ஆஸ்டின் மனெல்லி