அசையாமல் நின்ற பெரிய போட்

என் நானா,

கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது. கண்டக்குழிக் கடல் மறுபடி தட்டையாகக் கிடக்கிறது. உங்கள் பெரிய போட் கரையில், ஓலை மூடியபடி. ஓராள் துடுப்புப் போடும் அந்தச் சின்னக் கயாக்குகள் உங்கள் வீட்டுப் பின்பக்கம், தென்னையடியில். அதிலொன்றுக்குள் மதினியின் கோழி முட்டையிடத் தொடங்கியிருக்கிறது. இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல உங்களைத் தேடி வீட்டுக்குள் இரண்டடி வைத்தும்விட்டேன்.

போன பருவத்தில் மீன் பிடிக்க வந்தவர்கள் கேட்கிறார்கள். இந்தச் சனிக்கிழமை வரலாமா என்று. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வாருங்கள் என்றால் யாரோ ஒருவர் பெரிய போட்டில் உங்கள் இடத்தில் உட்கார வேண்டும். வேண்டாம் என்றால் நாம் அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து செய்த ஒரே காரியம் அன்றோடு முடிந்ததாகிவிடும். இரண்டையும் யோசித்துப் பார்க்கிறேன். இரண்டிலும் நீங்கள் இல்லை.

கம்பஸ் படிப்பு முடித்து வேலையில்லாமல் வந்து கிடந்த காலத்தில் இந்த யோசனையை நான்தான் உங்களிடம் கொண்டுவந்தேன். கயாக்குகளைப் பெரிய போட்டில் ஏற்றிக்கொண்டு பாருக்கு அப்பால், அந்தக் கடலடிக் கல்திட்டு முடிகிற ஆழத்துக்குப் போவது. ஆளுக்கொரு கயாக்காக இறக்கிவிடுவது. அவர்கள் தூண்டில் போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் காவல் நிற்பது. பிறகு எல்லோரையும் அள்ளிக்கொண்டு திரும்புவது.

நீங்கள் வலையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டீர்கள். "போட்டுல போட்டை ஏத்திக்கொண்டு போய் மீன் புடிக்கிறதா?"

"ஓம் நானா."

"ஆட்டைத் தோள்ல தூக்கிக்கொண்டு போய் மேய்க்கிற கதையா இரிக்கி. இதையா கம்பஸ்ல படிச்சுத் தந்தாங்க?"

அடுத்த நாள் காலையில் பார்த்தால் போட்டின் குறுக்கே கயாக் அடுக்கக் குழாய் பொருத்திக்கொண்டிருந்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் சம்மதம் எப்போதும் அப்படித்தான். சத்தமில்லாமல் வரும்.

வெள்ளிக்கிழமை நாம் கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு உங்கள் கடல் கூட்டாளி அன்டன் அண்ணனுக்குக் கோயிலில் பூசை. ஆகவே சனிக்கிழமை. மாம்புரியிலிருந்து விடியமுன் சைக்கிளில் வந்து, "அல்லாவும் மாதாவும் சேந்து தந்த நாள் இது" என்று அன்டன் அண்ணன் சிரிப்பார். அவரும் நீங்களும் போட்டில். நான் கயாக்கில், வந்தவர்களோடு.

உங்கள் விதி ஒன்றே ஒன்றுதான். இறக்கிவிட்டதும் இஞ்சினை நிறுத்திவிடுவீர்கள். போட்டையும் கயாக்குகளையும் ஒரே நீரோட்டம் ஒரே பக்கமாகக் கொண்டுபோகும். இஞ்சின் சத்தம் கேட்காதவரை எல்லாம் சரி, பிடித்துக்கொண்டே இருக்கலாம். காற்று மாறினாலோ, யாராவது தூரம் போனாலோ, நீங்கள் இஞ்சினைத் தட்டி இயக்குவீர்கள். சத்தம் கேட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போட்டுக்கு வர வேண்டும். இடையில் கூப்பிடக் கூடாது. கத்தக் கூடாது. மீன் ஓடிவிடும்.

மீன் பிடிக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறியபோது சொன்னீர்கள். "எனக்கு இங்கிலீஷ் வராது. இஞ்சினுக்கு எல்லாப் பாஷையும் வரும்."

வந்தார்கள். போனார்கள். ஒருவர் தன் கறுப்புக் கண்ணாடியை உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் முகத்தில் பாதியை அது மறைத்தது. உம்மா உங்களைத் தும்பி என்றார். நீங்கள் அதைக் கழற்றவே இல்லை, கலியாண வீட்டில்கூட.

நாம் கடைசியாகப் போன அந்தச் சனிக்கிழமை அன்டன் அண்ணனின் மகளுக்குப் புது நன்மை, முதல் நற்கருணை வாங்கும் நாள். அவர் கோயிலில். வந்திருந்தவர்கள் மூன்று பேர்தான். கொழும்பிலிருந்து ஒரு டொக்டரும் அவருடைய சிநேகிதர் இருவரும். கடலைக் கையால் தடவலாம்போல் இருந்தது. "பாய் விரிச்ச மாதிரி கிடக்கி, வா போவம்" என்றீர்கள். மதினி தேத்தண்ணிப் போத்தலைக் கொடுத்தார். நீங்கள் அதை வாங்கவில்லை. என்னை வாங்கச் சொல்லிக் கண்ணால் காட்டினீர்கள். உங்கள் இடது கை அப்போதே வலித்துக்கொண்டிருந்ததா?

மதினியிடம் இதைக் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

அன்று மீன் கிடைத்ததுபோல் நாம் ஒருநாளும் பார்த்ததில்லை நானா. போட்ட தூண்டிலெல்லாம் இழுத்தது. டொக்டரைக் கயாக்கோடு இழுத்துப்போனது ஒரு பாரை மீன். அவர் சிறுபிள்ளைபோல் கத்த வாய் திறந்து, உங்கள் விதியை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டார். மீனை ஏற்றியதும் நான் உங்கள் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டினேன். நீங்கள் பின்பக்கத்தில், இஞ்சினில் சாய்ந்து, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கை காட்டவில்லை.

டொக்டர் மெல்லிய குரலில் கேட்டார். "கெப்டனுக்கு எங்களோட கோவமா?"

"அவருக்குத் தூண்டில் போட ஏலாதுதானே. அந்த எரிச்சல்" என்றேன். இருவரும் மெல்லச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு எங்கே போய் விழுந்தது? நீங்கள் இருந்த இடம்வரை வந்ததா? வந்தபோது கேட்க நீங்கள் இருந்தீர்களா?

அதன்பிறகும் நெடுநேரம் பிடித்தோம். போட் அசையவில்லை. இஞ்சின் சத்தம் கேட்காவிட்டால் எல்லாம் சரி. எங்களோடு கூடவே வந்தது, அதே தூரத்தில், அதே மாதிரி. நீரோட்டத்துக்கு என்ன தெரியும்? அது எங்களைக் கொண்டுபோனது. உங்களையும் கொண்டுவந்தது. ஒரு தடவைகூட எங்களைவிட்டு விலகாமல் காவல் இருந்தீர்கள். நீங்கள் இல்லாமலே.

பிறகு மேற்கே தண்ணீரின் நிறம் மாறியது. கறுப்பாக ஒரு கோடு. காற்று வருகிறது. அந்தக் கோட்டை நீங்கள் எங்கள் எல்லோருக்கும் முன்னால் பார்ப்பீர்கள். அது கயாக்கைத் தொடுமுன் இஞ்சின் சத்தம் கேட்கும். நான் தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினேன், இதோ கேட்கும் என்று. காற்று என் முகத்தில் பட்டது. சட்டை படபடத்தது. இஞ்சின் கேட்கவில்லை. கடல் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

அப்போதுதான் தெரிந்தது. போட்டுக்கு அருகில் வந்தல்ல. அங்கேயே, கயாக்கில் இருந்தபடியே.

துடுப்பை எப்படிப் போட்டேன் என்று தெரியாது. "நானா" என்று கூப்பிட்டேன். பாருக்கு அப்பால் முதல் தடவையாகக் கத்திக் கூப்பிட்டேன். போட்டின் விளிம்பைப் பிடித்தபோது உங்கள் கை இஞ்சின் கைப்பிடியில் இருந்தது. தட்டப் போனீர்களா? யாருக்காக? எங்களைக் கூப்பிடவா?

டொக்டர் பின்னாலேயே வந்து ஏறினார். உங்கள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கழுத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார். மீன் செதில் ஒட்டியிருந்த கை அது. "உயிர் உடனே போயிருக்கும் தம்பி. அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்றார். டொக்டராகச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா? கூப்பிடு தூரத்தில் ஒரு டொக்டர் இருந்தார் நானா. பாரை பிடித்துக்கொண்டிருந்தார்.

மற்ற இருவரும் தூரத்தில். காற்று ஏறிக்கொண்டிருந்தது. உங்கள் விரல்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டு நான் இஞ்சினைத் தட்டினேன்.

சத்தம் கேட்டதும் அவர்கள் வந்தார்கள். உங்கள் விதிப்படி, தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு. சிரித்துக்கொண்டு. ஒருவர் துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டு, உங்களுக்குக் காட்ட, இரண்டு கையாலும் தன் மீனை உயரத் தூக்கிப் பிடித்தார்.

இதைத்தான் என்னால் யாருக்கும் சொல்ல முடியவில்லை. உம்மாவுக்குச் சொல்லவில்லை. ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சொல்லவில்லை. அந்த மனிதர் மீனைத் தூக்கியபடி எவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதை.

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு உங்களைப் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கம் செய்தோம். மண் அல்ல, கடற்கரை மணல். அள்ள அள்ளச் சரிந்தது. வரிசைக்குப் பின்னால் அந்த மூன்று பேரும் உப்புக் காய்ந்த உடுப்போடு நின்றார்கள். அன்டன் அண்ணன் மகளின் புது நன்மை விசேஷத்திலிருந்து அப்படியே வந்திருந்தார், புதுச் சட்டையோடு. உங்கள் தலைமாட்டில் நட்ட கம்பை நேராக்கினார். காற்று சரித்தது. மறுபடி நேராக்கினார்.

இன்றைக்கும் அவர் வந்தார். போட்டின் ஓலையை விலக்கி உள்ளே பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

"அண்டைக்கு நான் வந்திருந்தா..." என்று தொடங்கினார்.

"வந்திருந்தா மகள் புது நன்மை எடுக்கிறதப் பாத்திருக்க மாட்டீங்க. அதுக்கு நானா உங்களை ஏசியிருப்பார்."

"ஏசித்தான் அனுப்பினார், தம்பி. 'நீ இல்லாட்டி கடல் வத்திப் போயிருமா, போடா' எண்டார்." சிரித்தார். சிரித்தபடியே துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். நெடுநேரம் அந்தத் துவாய் இறங்கவில்லை.

அப்போது மதினி வந்தார். இத்தா முடிந்து, வீட்டைவிட்டு வெளியே வரலாம் என்றான பிறகு, அவர் கரைக்கு வந்தது இன்றுதான். போட்டைத் தொடவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றார்.

"ஒண்டு கேக்கணும் உங்கக்கிட்ட. உம்மா இருந்ததால இவ்வளவு நாள் கேக்கல்ல" என்றார். "அவர் கூப்பிட்டாரா?"

"இல்ல மதினி. சத்தம் கேக்கல்ல."

மதினி தலையாட்டினார். தனக்குத் தெரிந்த ஒன்றை நான் உறுதிப்படுத்தியதுபோல. "கூப்பிட்டிருக்க மாட்டார். மீன் ஓடிருமெண்டு."

அவர் உதடு சிரிக்கப் பார்த்தது. முடியவில்லை. அன்டன் அண்ணன் எழுந்து கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் போட்டின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

நானா, அதுவா நடந்தது? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தீர்களா? டொக்டர் பாரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரமா அது? அது முடியட்டும் என்று பொறுத்தீர்களா? எனக்குப் பதில் வேண்டாம். பதில் ஓம் என்றால் அதோடு என்னால் இருக்க ஏலாது.

மதினி போகத் திரும்பி, பிறகு நின்றார். "போறதெண்டா போங்க. போட்டைக் கரையில பாத்துக்கொண்டிருக்க எனக்கும் ஏலாது" என்றார். "ஆனா அவர் இருந்த மாதிரி இருக்காதீங்க. வாயத் தொறங்க. ரெண்டு பேரும்."

அதுவரை எனக்குள் இருந்த கேள்வி, உங்கள் இடத்தில் உட்காரத் தகுதி எனக்கு உண்டா என்பது. மதினி சொன்னது அதைப் பற்றியல்ல. அந்த இடம் அந்த மாதிரி இருக்கவே கூடாது என்றார். ஒரு மனிதர் தனியாக, பேசாமல், எல்லோரையும் பார்த்துக்கொண்டு, தன்னை யாரும் பார்க்காமல் இருக்கிற இடம்.

நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள். உங்களைப் பார்க்க ஒரு ஆளை நாம் வைக்கவில்லை. அப்படியொன்று வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும்.

இனித் தோன்றும். சனிக்கிழமை அவர்களை வரச் சொல்லப்போகிறேன். அன்டன் அண்ணன் இஞ்சினில், நான் பக்கத்தில். தனியாக ஒருவரும் பெரிய போட்டில் இருக்கமாட்டோம். ஒருவருக்கு வேலை வந்தால் கடலுக்கே போகமாட்டோம். கயாக்கில் இருப்பவர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள், அடிக்கடி, ஒன்றும் இல்லாவிட்டாலும். நாங்கள் பதில் சொல்வோம். நாங்கள் கூப்பிடுவோம், அவர்கள் பதில் சொல்ல வேண்டும். பதில் வராத இடத்துக்கு இஞ்சினைத் தட்டிக்கொண்டு உடனே போவோம். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். பாருக்கு அப்பால் சந்தைக்கூச்சலாக இருக்கும். அறுக்குளா மீன் ஒன்றுகூடக் கிட்ட வராது.

மீன் ஓடட்டும் நானா.

உங்களுக்குப் பின்னால் அதே வயிற்றில் பிறந்த,
உங்கள் தம்பி