ஷான் அறையில் ஈரப் பெயிண்ட்

மெர்வ்,

ஷானைக் கூட்டிவர ஜெயிலுக்குக் கிளம்பிவிட்டேன். உன்னை எழுப்பினால் மறுபடி சண்டைதான் வரும்.

அவன் அறையில் சுவரின் அடியோரமாக ஓடும் பலகைக்கெல்லாம் வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டேன். அவன் உன்னை அடித்துப்போட்ட அன்று பதிந்த பூட்ஸ் தடம் மறைந்துவிட்டது. கார்ப்பெட்டில் சிந்திய உன் ரத்தம் மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதன்மேல் கட்டிலை இழுத்துப் போட்டிருக்கிறேன்.

“அவன் வாசப்படி மிதிச்சா நான் இங்க இருக்க மாட்டேன், க்ளெனிஸ்” என்று நேற்று சொன்னாய். உன்மேல் தப்பில்லை. ஆனால் போனில் அவன், “அப்பா இன்னும் கோவமாத்தான் இருக்காராம்மா?” என்று கேட்டான். “இல்லடா, உன் ரூமுக்கு அவர்தான் பெயிண்ட் அடிக்கிறாரு” என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிட்டேன். அவன் அழுதான்.

பெயிண்ட் படாமலிருக்கக் கார்ப்பெட் ஓரத்தில் ஒட்டிய டேப்பை நான் உரிக்கவில்லை. பெயிண்ட் முழுக்கக் காயுமுன் நீ மெதுவாக உரித்துவிடு. காய்ந்துவிட்டால் பெயிண்டும் சேர்ந்து பிய்ந்து வரும். நான் அவனிடம் சொன்னதில் அவ்வளவாவது உண்மையாகட்டும்.

ஓவனில் ஆட்டிறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம் இருக்கிறது. மூன்று பேருக்கும் போதும்.

க்ளெனிஸ்

பி.கு. போவதென்றே முடிவு செய்தால் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை. உன் ரத்தக்கொதிப்பு மாத்திரை சமையலறை மேசைமேல் இருக்கிறது. அதை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ.