எங்களுக்கு ஒரு குறையும் இல்லை

ஜூன் 16, திங்கள்

காலையிலேயே வெக்கை. மலை மேல் மேகம் நிற்கிறது, இறங்கி வர மனசில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. எனக்கு எதிரே ஒரு ஆட்டுக்குட்டி, அதுவும் சீட்டில்.

புதன்கிழமை ஆள் வருகிறார்கள். நம் குழந்தைக் காப்பகத்துக்குப் பணம் தரும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து. பார்த்துவிட்டு, தொடர்ந்து தரலாமா வேண்டாமா என்று எழுதுவார்கள். எங்கள் தொண்டு நிறுவனத்தின் மதுரை ஆபீஸ் சார் போனில் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "இயல்பா இருக்கட்டும் டீச்சர். ஜோடனை எதுவும் வேண்டாம்."

வேலை:
தண்ணீர் டிரம் கழுவ.
தொட்டில் கயிறு மாற்ற.
கழிப்பறைத் தாழ்ப்பாள் (போன மாதமும் எழுதினேன்).
பால்கோவா, ஸ்ரீவி.யில். சர்க்கரை குறைவாக இருக்கிற கடை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தறிக்கூடத்துப் பெண்களைக் கூட்டிப் பேசினேன். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். அங்கன்வாடியில் கைக்குழந்தையைச் சேர்ப்பதில்லை, சாயங்காலமே பூட்டிவிடுகிறார்கள். பேண்டேஜ் துணி நெய்கிற தறியோ இருட்டுகிற வரை ஓடுகிறது. இந்தக் காப்பகம் இல்லையென்றால் பிள்ளையைத் தறிக்குப் பக்கத்தில் பஞ்சுத் தூசியில்தான் போடவேண்டும், இல்லையென்றால் மூத்த பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தவேண்டும். அதை அப்படியே சொல்லுங்கள், கூரை ஒழுகுவதையும் சொல்லுங்கள் என்றேன்.

முத்துமாரி சிரித்தாள். அங்கே எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவள்தான். "நல்லா இருக்கே டீச்சர். வீடு தேடி வந்த மனுசங்ககிட்ட பஞ்சப்பாட்டு பாடவா? அவிய நம்மள என்னன்னு நெனைப்பாங்க?"

"நினைக்கட்டும். அதைப் பார்க்கத்தான் வர்றாங்க."

"சரி சரி, பாத்துக்கிடுதோம். நீங்க பதறாதீங்க."

பதறாமல் எப்படி இருக்க? மு.மாரியின் சின்னவன் கார்த்திக்கு ஒன்றரை வயது. வீட்டுக்காரர் கேரளாவில் கொத்து வேலை, வந்தால் வந்தது. மூத்தவள் செல்வி இந்த வருஷம் பத்தாவது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் தம்பியைத் தூக்க வருவாள், வாய் ஓயாது. படிப்பில் சுமார். போன அரையாண்டில் அறிவியலில் பெயில். ராஜபாளையத்தில் பெரிய ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை, அதுதான் அவள் கனவு. "ஏசியில உக்காந்து பில்லு போடலாம் டீச்சர், வேர்க்காது." அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும்.

ஜூன் 18, புதன்

வாசலைப் பார்த்ததும் பகீரென்றது. தெருவை அடைத்துக் கலர்ப்பொடிக் கோலம். வாழைமரம் வேறு. மு.மாரி கல்யாணப் பட்டுச்சேலையில், கழுத்தில் பக்கத்து வீட்டம்மாவின் சங்கிலி. பிள்ளைகளுக்கெல்லாம் பொங்கலுக்கு எடுத்த சட்டை, முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக. கூரை ஒழுகும் மூலைக்குக் கீழே விசேஷ வீட்டு ஷாமியானா துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். தறி முதலாளி வீட்டிலிருந்து கூலர் வந்திருந்தது.

"நான் எம்புட்டோ சொன்னேன், கேக்க மாட்டேங்காளுக" என்றாள் பாக்கியம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவள். அவளும் தலை நிறைய பூ வைத்திருந்தாள்.

வந்தவர் நரைத்த, உயரமான மனிதர். நல்லவர், குறை சொல்ல முடியாது. செருப்பை வாசலிலேயே விட்டார், தரையில் உட்கார்ந்தார். கார்த்தி அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான், சிரித்துக்கொண்டே கொடுத்தார். மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெண். பேர்பெற்ற ராஜபாளையம் நாயைப் பார்க்க முடியுமா என்று வந்தவர் கேட்டார். அந்நேரம் வெள்ளையாக ஒரு தெருநாய் போக, பாக்கியம் கொஞ்சமும் கூசாமல் அதைக் காட்டிவிட்டாள். அவர் பக்தியோடு பார்த்தார்.

பிறகு கேள்விகள். உங்களுக்கு இங்கே என்ன கஷ்டம்?

மு.மாரி: "எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. நல்லா இருக்கோம்."

மற்றவர்கள்: "ஆமா, நல்லா இருக்கோம்." பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில்.

நான் பின்னாலிருந்து கூரையைக் கண்ணால் காட்டினேன். ஒருத்தியும் திரும்பவில்லை.

காப்பகம் இல்லாத ஒரு நிலை வந்தால்?

"அதுக்கென்ன, நாங்க பாத்துக்கிடுவோம். கலர் குடிங்க சார், சூடாயிரும்."

அவர் என் பக்கம் திரும்பினார். இந்தப் பெண்களால் இதைத் தாங்களே நடத்த முடியுமா? சென்னைப் பெண் அதைத் தமிழில் சத்தமாகச் சொன்னாள். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பட்டுச்சேலையும் இரவல் சங்கிலியுமாக நிற்கிறவர்கள் முன்னால், இவர்களால் முடியாது சார் என்று எப்படிச் சொல்வேன்?

"முடியும் சார்" என்றேன்.

ஜூன் 19, வியாழன்

மழை இல்லை. ஷாமியானாவைக் கழற்றியாச்சு. மு.மாரிக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்படி டீச்சர், நம்ம மானத்தைக் காப்பாத்திட்டோம்லா?" மீந்த பால்கோவாவைச் செல்வி முடித்துவிட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

சார் போன். குரலிலேயே உற்சாகம். அறிக்கை பிரமாதமாம். நம் காப்பகம் 'முன்மாதிரி'யாம். பெண்கள் தன்னம்பிக்கையோடு இருக்கிறார்கள், தாங்களே நடத்தும் நிலைக்கு வந்துவிட்டார்கள், அதனால் இந்த மாதத்தோடு உதவி நிறைவு. 'நிறைவு' என்றுதான் சொன்னார்.

நாடுகளை ஏழை, நடுத்தரம் என்று தட்டுத்தட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். இந்தியா மேல் தட்டுக்கு ஏறிவிட்டது, இந்தியாவுக்குள் தமிழ்நாடு இன்னும் மேலே, அதனால் இங்கே கொடுக்கிற பணத்தை இன்னும் கீழே இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம். "அங்க பிள்ளைங்க சோறில்லாம இருக்கு டீச்சர். நியாயந்தானே?"

நியாயம்தான். அதுதான் எனக்கு ஆத்திரம். சோறில்லாத பிள்ளைக்குக் கொடுக்காதே என்று நான் சொல்ல முடியுமா? கூரை ஒழுகுகிறது சார் என்றேன், கேனத்தனமாக. "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்தபடியே, "நல்லா நடத்துனதுக்குத் தண்டனையா?" என்றார். பிறகு உப்பு கேட்டார்.

ஜூலை 9, புதன்

சொல்லிவிட்டேன். தறிச் சத்தத்தில் ஒவ்வொருத்தி காதிலும் தனித்தனியாகச் சொல்லவேண்டியிருந்தது. கடைசியில் மு.மாரி. தறியை நிறுத்தினாள்.

"நல்லாத்தானே டீச்சர் கவனிச்சோம் அவியள?"

"நல்லாத்தான் கவனிச்சோம்."

"பொறவு?"

நல்லா இருக்கீங்கன்னு எழுதிட்டாங்க என்றேன். அவளுக்குப் புரியச் செத்த நேரம் ஆனது. "வந்த மனுசன்கிட்ட யாராச்சும் இல்லைன்னு சொல்லுவாங்களா? அது ஒரு பேச்சு டீச்சர். அதையா எழுதிக்கிடுவாங்க?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், பஞ்சும் வேர்வையும். "எங்களுக்குத்தான் கூறு இல்ல. நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லிருக்கலாம்ல?"

பதிலுக்கு நிற்காமல் தறியைப் போட்டுவிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனோம், நானும் மு.மாரியும். அவளுக்கு ஒருநாள் கூலி போச்சு. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மனுக் கவரை மடியில் பிடித்தபடியே வந்தாள்.

மனு வாங்கிய அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "உங்க ஊர்ல அங்கன்வாடி இருக்குல்லம்மா? இருக்கற ஊருக்கு ரெண்டாவது வராது." கைக்குழந்தை, தறி நேரம் எல்லாம் சொன்னேன். தலையாட்டினார். பின்தங்கிய பகுதி என்று வந்தால் தனித் திட்டம் உண்டாம், நம்முடையது அதில் வராதாம். மு.மாரி தானாகவே முன்னால் போய், "சார், நாங்க ரொம்பக் கஷ்டத்துல இருக்கோம்" என்றாள். முதல் தடவையாக அவள் வாயிலிருந்து அது வருகிறது. அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து மு.மாரி: "சொல்லிட்டேன் பாத்தீங்களா? அவ்வளவுதான், மானமும் போச்சு."

டீ குடித்தோம். அவளே காசு கொடுத்தாள், என்னை விடவில்லை.

ஜூலை 24, வியாழன்

தாய்மார்கள் கூட்டம். தாங்களே போட்டு நடத்தலாமா என்று பேச்சு. நூல் வராமல் தறி வாரத்தில் பாதி நாள் நிற்கிறது. யார் எதைப் போட? ஒருத்தி, "எங்க மாமியா பாத்துக்கிடும்" என்று எழுந்து போனாள். மாமியார் படுத்த படுக்கை, ஊருக்கே தெரியும். இன்னொருத்தி தறிக்கடியிலேயே தொட்டில் கட்டிக்கொள்கிறாளாம். காப்பக இடம் தறி முதலாளியுடையது, நூல் சுற்றிய கோன்களை அடுக்க அதைக் கேட்கிறார். அவரையும் சொல்லிக் குற்றமில்லை, சும்மா போட்டு வைக்க முடியுமா?

பாக்கியம் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறாள். வேன் வீட்டுக்கே வருகிறதாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிக்காதீங்க டீச்சர்" என்றாள். எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை.

செல்வியிடம் கேட்டேன், வீட்டில் என்ன பேச்சு என்று. "ஒண்ணுமில்ல டீச்சர், காலாண்டுப் பரீட்சை வரைக்கும் லீவு போடச் சொல்லுது அம்மா. பொறவு போயிரலாம்." பொறவு என்று போனவர்கள் யார் திரும்பினார்கள்? அவளுடைய கிளாஸ் டீச்சரைப் போய்ப் பார்த்தேன். நல்ல பெண்தான். "சுமாராப் படிக்கிற பிள்ளைதான்..." என்று இழுத்தார். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் பேப்பரில் வரும், யாராவது உதவிக்கு வருவார்கள். சுமாராகப் படிக்கிற பிள்ளைக்காக யாரும் வரமாட்டார்கள்.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். உள்ளூர் விடுமுறை. தேர் பார்க்க வந்த கூட்டத்தில் தெருவைத் தாண்டிக் கடைக்குப் போக முடியவில்லை. ஒலிபெருக்கியில் காணாமல் போன பிள்ளைகளின் பெயரை வாசித்துக்கொண்டே இருந்தார்கள். மஞ்சள் சட்டை, மூன்று வயது, பெயர் சொல்லத் தெரியவில்லை.

சார் போன். புதுத் திட்டம் ஒடிசா பக்கம். நம் முன்மாதிரியை அங்கே கற்றுக்கொடுக்க ஆள் தேவை, நீங்கள் வந்தால் நல்லது, சம்பளமும் கூட. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இவர், "போயேன், இங்க என்ன வச்சிருக்கு" என்றார்.

அங்கே போய் என்ன கற்றுக்கொடுப்பேன்? விருந்தாளி வந்தால் கோலம் போடாதீர்கள் என்றா?

மத்தியானம் சாப்பிடவில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தேன், பாதியில் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

ஜூலை 31, வியாழன்

கடைசி நாள். லேசான தூறல், கோடைக்குப் பிறகு முதல் தடவை. மூலையில் வழக்கம்போல ஒழுகியது. தொட்டில்களை அவிழ்த்தோம். பாயும் பொம்மையும் ஆளுக்குக் கொஞ்சம். கார்த்தி போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். செல்வி அவனை இடுப்பில் தூக்கிவைத்து, "ஏலே, நாளைக்கு நம்ம வீட்டுல வச்சு விளையாடுவோம், வா" என்றாள்.

பூட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே ஸ்ரீவி. வரைக்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். என்னிடம் இருந்த மாற்றுச் சாவியை முதலாளியிடம் கொடுக்கப் போனேன். காப்பகம் முழுக்க நூல் கோன், கூரை வரைக்கும். வருகிற வழியில் மு.மாரி வீடு. உள்ளே பிள்ளைச் சத்தம்.

ஒற்றை அறை. கார்த்தியோடு சேர்த்து ஆறு பிள்ளைகள். உத்தரத்தில் இரண்டு தொட்டில். நடுவில் செல்வி, நைட்டியில், ஒரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு, மறுகையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு. நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

"பள்ளிக்கூடம்?"

"அதெல்லாம் பேரு அடிச்சாச்சு டீச்சர். இதுவே நல்லாத்தான் இருக்கு. ஒரு குறையும் இல்ல."

அவள் அம்மா குரல் அப்படியே. அங்கேயே நின்று சாருக்குப் போன் போட்டேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். பத்தாவது படிக்கிற பிள்ளை சார், பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஒற்றை அறையில் ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கிறாள், போய் எழுதுங்கள் உங்கள் அறிக்கையில் என்றேன்.

சார்: "படிப்பு வருத்தம்தான் டீச்சர். பேசிப் பார்ப்போம். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, நாம விட்டதும் அவங்களே எடுத்து நடத்துறாங்க பாருங்க. அவர் எழுதுனது சரிதான். ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அவருக்குச் சந்தோஷமா இருக்கும்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் போல. செல்வி சட்டென்று எழுந்தாள். கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாக வைத்தாள், கார்த்தி மூக்கைத் துடைத்தாள், தலைமுடியைக் கோதினாள்.

"செத்த நேரம் இருங்க டீச்சர், யூனிபார்ம் போட்டுட்டு வாரேன். இருக்கறதுல அதுதான் புதுசு."